நீளம் யாருடைய சொத்து?

போன ஆனியில், சாரல் நன்றாகப் பிடித்திருந்த ஒரு சனிக்கிழமை, குற்றாலத்திலிருந்து ஐந்தருவிக்குப் போகிற ரோட்டோரம் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். நானும் என் கூட்டாளியும். இருவரும் ஒரே கல்லூரியில் இன்ஜினியரிங் முடித்து, ஒரே வருடம் ஐ.டி.க்குள் விழுந்தவர்கள். அவன் காதில் என் ஹெட்போனை மாட்டி 'யெஸ்' இசைக்குழுவின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' போட்டுவிட்டேன். 1972-இல் வந்தது. ஒரே பாட்டு, 18 நிமிடத்துக்கு மேல். எல்.பி. ரெக்கார்டின் ஒரு பக்கம் முழுக்க அதுதான்.

நாலாவது நிமிடத்தில் கழற்றிக் கையில் கொடுத்தான். "ஏலே, இந்தப் பாட்டு முடியுறதுக்குள்ள நான் அருவில குளிச்சி, தலையத் தொவட்டி, பிரானூர் பார்டர் போயி புரோட்டா தின்னுட்டுத் திரும்பி வந்துருவேன்."

சிரித்தேன். அவன் விடவில்லை. அவன் பங்க் ஆள். ரமோன்ஸ் டி-ஷர்ட் இரண்டு வைத்திருக்கிறான். "இதெல்லாம் சபா ராக்குல. நீளமா, சிக்கலா வாசிச்சா பெரிய ஆளுன்னு நெனப்பு. சனங்களோட இசை எப்பவுமே சின்னதா, நேரா, சுருக்குன்னு இருக்கும். மூணு கார்டு போதும்."

அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. டீக்காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் 'சனங்களோட இசை எப்பவுமே சின்னது' என்கிற அந்த ஒரு வாக்கியம் மட்டும் ஈரத்துணி மாதிரி உடம்பில் ஒட்டிக்கொண்டது. அது அவன் வாக்கியம் மட்டும் இல்லை. இன்று இசை பற்றித் தமிழில் எழுதுகிற, வாசிக்கிற என் வயதுக்காரர்கள் பாதிப்பேர் அதைக் கேள்வியே கேட்காமல் நம்புகிறார்கள். எளிமை என்றால் மக்கள். சிக்கல் என்றால் மேட்டுக்குடி. பங்க் என்றால் கலகம். ப்ராக்ரெஸிவ் ராக் என்றால் சொகுசு.

இது பொய் என்பது என் கட்சி. அதிலும் தென்காசியில் நின்றுகொண்டு இதைச் சொல்வது பெரிய பொய்.

*

முதலில் சண்டை நடந்த ஊருக்கே போய்விட்டு வருவோம்.

1969-இல் கிங் க்ரிம்ஸனின் முதல் ஆல்பம் வருகிறது. அடுத்த நாலைந்து வருடத்தில் இங்கிலாந்தின் ராக் இசை வேறு உடம்பு எடுக்கிறது. மூன்று நிமிடப் பாட்டு இருபது நிமிடம் ஆகிறது. தாளம் ஏழிலும் ஒன்பதிலும் பதினொன்றிலும் போகிறது. 1973 டிசம்பரில் இதே யெஸ் குழு ஓர் இரட்டை ஆல்பம் போட்டது: நான்கு பக்கம், நான்கே பாட்டு. 1975-இல் ரிக் வேக்மேன் ஆர்தர் அரசன் கதையை லண்டன் வெம்ப்ளியில் பனிச்சறுக்கு ஆட்டத்தோடு நடத்தினார். இதையெல்லாம் கேட்டு யாருக்காவது கொட்டாவி வந்தால் நான் கோபிக்க மாட்டேன்.

1976-இல் ரமோன்ஸின் முதல் ஆல்பம் வந்தது. 14 பாட்டு, மொத்தம் அரை மணி நேரம்கூட இல்லை. சுமார் 6,400 டாலர் செலவில், ஒரு வாரத்தில் முடித்த வேலை. அதே வருடம் பிரிட்டன் ஐ.எம்.எஃப்.பிடம் கடனுக்குக் கை நீட்டியது. வேலையில்லாத பையன்கள் தெருவில் நின்றார்கள். 'பிங்க் ஃப்ளாய்டை வெறுக்கிறேன்' என்று பொருள்படும் டி-ஷர்ட்டோடு ஜானி ராட்டன் வந்து நின்றார். மூன்று கார்டுகளைப் படமாகப் போட்டு, போய் ஒரு பேண்ட் ஆரம்பி என்று ஒரு சிறுபத்திரிகை சொன்னது. 'எழுத்து' முதல் இன்றுவரை கைக்காசு போட்டுப் பத்திரிகை நடத்துகிற மரபில் வந்த நமக்கு அந்த உணர்ச்சி நன்றாகவே புரியும்.

இதுவரை எல்லோரும் சொல்கிற கதை. சொல்லாமல் விடுகிற கதை ஒன்று இருக்கிறது.

அந்த ஜானி ராட்டன் 1977 ஜூலையில் லண்டன் கேபிடல் ரேடியோவில் தனக்குப் பிடித்த பாட்டுகளைப் போட்டார். அதில் பீட்டர் ஹாமில் இருந்தார். வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் என்கிற, ப்ராக்கிலேயே கடினமான குழுவின் பாடகர். அதே வருடம் 'தி டேம்ட்' என்ற பங்க் குழு தன் இரண்டாவது ஆல்பத்தை யாரை வைத்துத் தயாரித்தது தெரியுமா? பிங்க் ஃப்ளாய்டின் டிரம்மர் நிக் மேசனை வைத்து.

இன்னும் ஒன்று. பங்க்கின் பாட்டாளிக் குரல் என்று கொண்டாடப்பட்ட 'தி க்ளாஷ்' குழுவின் ஜோ ஸ்ட்ரம்மர் வெளியுறவுத் துறை அதிகாரியின் மகன், போர்டிங் ஸ்கூலில் படித்தவர். மேட்டுக்குடி ப்ராக் என்று திட்டு வாங்கிய யெஸ் குழுவின் ஜான் ஆண்டர்சன் பதினைந்து வயதில் படிப்பை விட்டு, பண்ணை வேலை பார்த்து, லாரி ஓட்டி, பால் ஊற்றியவர். எதிர் உதாரணமும் உண்டு: ஜெனிசிஸ் குழு சார்ட்டர்ஹவுஸ் என்ற பணக்காரப் பள்ளியில் பிறந்தது. அதை மறைக்கவில்லை. நான் சொல்வது இவ்வளவுதான்: கார்டுகளின் எண்ணிக்கையை வைத்து ஒருவனின் அப்பா என்ன வேலை பார்த்தார் என்று கண்டுபிடிக்க முடியாது.

*

இப்போது ஒரு இன்ஜினியராகப் பேசுகிறேன். மூன்று நிமிடம் என்கிற அளவு எங்கிருந்து வந்தது?

பத்து அங்குல 78 ஆர்.பி.எம். ரெக்கார்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடம்தான் பதிக்க முடியும். அவ்வளவுதான் விஷயம். 1948-இல் எல்.பி. வந்தது, ஒரு பக்கத்துக்கு இருபது சொச்சம் நிமிடம் கிடைத்தது. 'க்ளோஸ் டு தி எட்ஜ்' ஏன் 18 நிமிடம் என்றால் தட்டில் அவ்வளவுதான் இடம். பங்க் சிங்கிள் ஏன் இரண்டரை நிமிடம் என்றால் தட்டிலும் ரேடியோவிலும் அந்த அளவு முன்பே பழகிவிட்டது. ஸ்டோரேஜ் அளவைப் பார்த்து டிசைன் செய்த இரண்டு கட்சிகள், அந்த டிசைனுக்குப் பிற்பாடு தத்துவம் எழுதிக்கொண்டன.

இதற்கு நம்ம ஊரிலேயே சாட்சி இருக்கிறது. தென்காசியிலிருந்து பஸ் ஏறினால் உட்கார்ந்து டிக்கெட் வாங்குவதற்குள் செங்கோட்டை. எஸ்.ஜி. கிட்டப்பாவின் ஊர். 1906-இல் பிறந்து 1933-இல், இருபத்தேழு வயதில் போய்விட்ட மனிதர். அவர் நடித்த நாடகங்கள் விடிய விடிய நடந்தவை. கூட்டம் 'ஒன்ஸ்மோர்' கேட்கக் கேட்கப் பாட்டு வளரும். இன்று நமக்கு மிச்சம் இருப்பது ரெக்கார்டில் அடைபட்ட சில நிமிடத் துண்டுகள். அந்தத் துண்டுகளைக் கேட்டுவிட்டு 'பழைய நாடகப் பாட்டெல்லாம் சின்னதா, சுருக்குன்னு இருக்கும்' என்று ஒருவன் சொன்னால் எப்படி இருக்கும்? என் கூட்டாளி சனங்களின் இசை பற்றிச் சொன்னது அப்படித்தான் இருக்கிறது.

*

சரி, சனங்களின் இசை என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் பக்கத்துச் சனங்கள் எதைக் கேட்டார்கள்?

சுடலைமாடன் கோயில் கொடை. சாயங்காலம் ரேடியோ செட்காரர் குழாயைக் கட்டிவிட்டுப் போவார். அப்புறம் வில்லுப்பாட்டு. வில்லு, குடம், உடுக்கை, தாளம், கட்டை. சுடலையின் பிறப்பிலிருந்து தொடங்கினால் கதை அதன் நேரத்தை எடுத்துக்கொள்ளும். சாமியாடிக்கு அருள் வர வேண்டிய இடத்தில் வேகம் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். பக்கத்தில் கணியான் கூத்து. இரண்டு மகுடம், ஒன்று உச்சம், ஒன்று மந்தம். அண்ணாவி பாட, பெண் வேடம் கட்டிய ஆண்கள் ஆட, விடியும் வரை. யாரும் வாட்ச் பார்ப்பதில்லை. பிள்ளைகள் தூங்கிவிழும், எழுந்து மறுபடி கேட்கும்.

முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பாபநாசம் மலைப்பக்கத்துக் கதை. பிராமணனாகப் பிறந்தவன் சக்கிலியர் வீட்டுப் பெண்கள் இருவரைக் கட்டிக்கொண்டு, செருப்புத் தைத்து, மாடு காக்கப் போய் உயிர் விட்ட கதை. நா. வானமாமலை பதிப்பித்தார். இங்கிலாந்துக்காரர்கள் 'கான்செப்ட் ஆல்பம்' என்று பெயர் வைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டதை எங்கள் ஊரில் மண்தரையில் உட்கார்ந்து ராத்திரி முழுக்கக் கேட்டார்கள். அதில் இருக்கிற சாதிக் கலகத்தை மூன்று நிமிடத்தில் சொல்லிவிட முடியுமா? சொல்லலாம். கோஷமாக இருக்கும். பட்டனோடு ராத்திரி முழுக்க நடந்தால்தான் கடைசியில் அவன் சாகும்போது கூட்டத்துக்கு நெஞ்சு அடைக்கும்.

சென்னைக்காரர்கள் கானாவைக் காட்டுவார்கள். சாவு வீட்டில் பாடுகிற மரண கானா ராத்திரி முழுக்கப் போகிற விஷயம். அதை நாலு நிமிடமாக நறுக்கியது சினிமா.

சிக்கல் விஷயத்துக்கு வருவோம். சங்கரன்கோவில் பக்கம் சென்னிகுளம். அண்ணாமலை ரெட்டியார் ஊர். முப்பதைத் தொடாமலே இறந்துபோனவர். கழுகுமலை முருகன் மேல் காவடிச்சிந்து பாடியவர். கால் நோகக் காவடி தூக்கி நடக்கிறவர்களின் வழிநடைப் பாட்டைத்தான் எடுத்தார். ஆனால் எளிமைப்படுத்தவில்லை. சந்தத்தை அடுக்கினார், இயைபுக்குள் இயைபு வைத்தார், நாக்கு சறுக்குகிற வேகத்தில் சொற்களை ஓடவிட்டார். தமிழில் பாட இதைவிடக் கடினமான சந்தங்கள் நிறைய இல்லை. அதைப் படிப்பு வாசனை இல்லாத காவடிக்காரர்கள் மனப்பாடமாகப் பாடினார்கள். 'சனங்களுக்கு மூணு கார்டு போதும்' என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

*

இனி சொல்லப்போவதைத் தயங்கித்தான் எழுதுகிறேன்.

கல்லூரி விடுதியில் எங்கள் அறைக்கு எதிர் அறையில் ஒருவன் இருந்தான். பெயர் வேண்டாம். நாங்கள் நாலு பேர் ப்ராக் பைத்தியம். ஒருநாள் பிங்க் ஃப்ளாய்டின் 'மணி' ஓடிக்கொண்டிருந்தது. ஏழு அடித் தாளம் அது. நாங்கள் விரலை மடக்கி எண்ணிக்கொண்டு, ஒன்றாவது அடி எங்கே விழுகிறது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அவன் பக்கெட்டோடு குளிக்கப் போகிறவன், வாசலில் நின்று கேட்டான். பிறகு கவிழ்த்த பக்கெட்டில் அந்த ஏழை அடித்தான். அடுத்த சுற்றில் உள்ளே பிரித்தான். அதற்கடுத்த சுற்றில் எங்களுக்குப் புரியாத எதையோ அடித்து, சரியாக ஒன்றில் வந்து நிறுத்தினான். மொத்தம் ஒரு நிமிடம்.

"எங்கல படிச்ச?" என்று கேட்டோம். "சும்மாதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அவன் அப்பா நையாண்டி மேளத்தில் பம்பை அடிக்கிறவர் என்பது மூன்றாம் வருடம்தான் தெரிந்தது. அவன் சொல்லவில்லை. கொடைக்குப் போன ஒருவன் பார்த்துவிட்டு வந்து சொன்னான். சொன்ன விதமும் நல்ல விதம் இல்லை. அதற்கப்புறம் விடுதியில் அவன் எதையும் தட்டி நான் பார்த்ததில்லை. நாங்கள் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. எங்களுக்கு அப்போது லண்டன்காரனின் ஏழு அடித் தாளம் மேதைமை. எதிர் அறைக்காரனின் ஏழு அடித் தாளம் தர்மசங்கடம்.

அதனால் என் கட்சிக்காரர்களுக்கும் ஒரு உதை வைக்காமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. நம் நாட்டில் ப்ராக்ரெஸிவ் ராக் என்று வந்தவர்கள் சிக்கலைத் தேடிப் போனபோது பெரும்பாலும் எந்தக் கதவைத் தட்டினார்கள்? சபாவின் கதவை. கீர்த்தனையை எடு, கிட்டாரில் டிஸ்டார்ஷன் போடு, மிருதங்கத்துக்குப் பக்கத்தில் டிரம்ஸ் வை. அதில் நல்ல இசை வந்திருக்கிறது, மறுக்கவில்லை. பெங்களூரின் 'அகம்' குழுவை நானும் எத்தனையோ நைட் ஷிஃப்டில் கேட்டிருக்கிறேன். ஆனால் கடினமான தாளம் வேண்டும் என்றால் சபாவுக்குத்தான் போக வேண்டும் என்று யார் சொன்னது? நையாண்டி மேளத்தில் தவிலும் பம்பையும் ஒன்றையொன்று துரத்துகிற இடத்தைக் கேட்டவன் அப்படிச் சொல்ல மாட்டான். சிக்கலைச் சாதிச் சான்றிதழ் பார்த்து மதித்ததுதான் நம் ப்ராக் ரசிகர்களின் குற்றம். என் கூட்டாளி 'சபா ராக்' என்று சொன்னது அந்த அளவில் சரி.

*

பங்க் நமக்குக் கொடுத்த உண்மையான கொடை ஒன்று உண்டு. அது மூன்று கார்டு இல்லை. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம் என்கிற துணிச்சல். கற்றுக்கொண்ட பிறகு மேடை ஏறு என்பதற்குப் பதிலாக மேடை ஏறிக் கற்றுக்கொள் என்றது அது. நான் இருபது வயதில் கிட்டார் வாங்கி, ஸ்டீவ் ஹவ் மாதிரி வரவில்லையே என்று வெட்கப்பட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளியவன். இன்றுவரை ஒரு பாட்டை முழுசாக முடித்ததில்லை. மூன்று கார்டு தெரிந்த என் கூட்டாளி கல்லூரி மேடையில் நின்று ஸ்ருதி விலகிக் கத்தினான். அந்த விஷயத்தில் அவன் ஜெயித்தான், நான் தோற்றேன்.

ஆனால் அந்தத் துணிச்சலை 'சின்னதா இரு' என்கிற கட்டளையாக மாற்றும்போதுதான் ஆபத்து. 2018 ஜனவரி 6-ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் கச்சேரி நடத்தியது. பா. ரஞ்சித்தும் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. அயோத்திதாசரின் 'சாதியற்ற தமிழர்' சிந்தனையிலிருந்து வந்த பெயர். நண்பர்கள் அதை 'நம்ம பங்க்' என்றார்கள். கோபத்தைப் பொறுத்தவரை சரி. ஆனால் மேடையில் இருந்தது பத்தொன்பது பேர். கானா, பறை, ராப், ராக், எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று. அதைக் கட்டி நிறுத்துவதற்கு எவ்வளவு ஒத்திகை, எவ்வளவு ஏற்பாட்டு வேலை! அதைப் பங்க் என்று சொல்லும்போது நாம் கோபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உழைப்பைக் கழித்துவிடுகிறோம். ஒடுக்கப்பட்டவன் கத்தினால் நமக்குப் பிடிக்கிறது. அவன் கம்போஸ் பண்ணினால் சந்தேகம் வருகிறது.

இளையராஜாவுக்கு நடந்ததைப் பாருங்கள். பண்ணைப்புரத்திலிருந்து அண்ணன் பாவலர் வரதராஜனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடித் திரிந்தவர். அதுதான் நம் ஊர் பங்க் என்றால் மறுக்க மாட்டேன்: ஆர்மோனியம், தபேலா, நேரான வார்த்தை, எதிரே கூட்டம். அங்கிருந்து புறப்பட்டவர் 1986-இல் 'ஹவ் டு நேம் இட்' செய்தார். 2025 மார்ச் 8-ஆம் தேதி, எண்பத்தோரு வயதில், லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவை வைத்துத் தன் சிம்ஃபொனியை அரங்கேற்றினார். அப்போது என் டைம்லைனில் வந்த கேலியில் ஒரு வகை எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 'இந்த வயசுல எதுக்கு இந்த மேட்டுக்குடி ஆசை, கிராமத்துப் பாட்டு போட்டா போதாதா?' முற்போக்காகத்தான் எழுதியிருந்தார்கள். அதையே கொஞ்சம் வேறு சொல்லில் எழுதினால், உனக்கு எதற்கடா இவ்வளவு பெரிய வீடு என்று கேட்பதுதான்.

*

நான் பார்த்த நகரத்துக் கலை விழாக்களில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டுக் கச்சேரிக்கு இரண்டரை மணி நேரம். 'மண்ணின் கலை' என்று பேனர் போட்டு மேளக்காரர்களுக்குப் பத்து நிமிடம், அதுவும் சிறப்பு விருந்தினர் காரிலிருந்து இறங்கி நடந்து வருகிற நேரத்தில். அவர்கள் வாசித்துக்கொண்டே முன்னால் நடப்பார்கள், அவர் பின்னால் வந்து உட்காருவார், மேளம் நிற்கும். இப்போது கொடைகளிலேயே புதுசாக ஒன்று வந்திருக்கிறது. போன வருடம் பார்த்தேன். போனை உயர்த்திப் பிடித்த ஒரு தம்பி, பம்பைக்காரரிடம் போய் அன்பாகத்தான் கேட்டான்: "அண்ணாச்சி, ஒரு முப்பது செகண்டு கெத்தா அடிங்க, ரீல் போடணும்." அவரும் அடித்தார். நன்றாகவே அடித்தார். முப்பது விநாடியில் நிறுத்தச் சொன்னான். ஒன்றில் வந்து சேருவதற்குள் நிறுத்தச் சொன்னான்.

எனக்கு அந்த இடத்தில்தான் விஷயம் பிடிபட்டது. ப்ராக்கா பங்க்கா என்பது நேரம் யாருக்கு என்கிற சண்டை. இங்கிலாந்தில் ப்ராக் குழுக்களிடம் மாதக்கணக்கில் ஸ்டுடியோ நேரம் குவிந்திருந்தது. அதைப் பார்த்து எரிச்சலான பையன்கள், உன் நேரமும் வேண்டாம் போடா என்று உதறினார்கள். அந்த ஊருக்கு அந்த நியாயம். இங்கே ராத்திரி முழுக்கத் தனக்கென்று நேரம் வைத்திருந்தவர்களிடமிருந்து ரெக்கார்டு கொஞ்சம், சினிமா கொஞ்சம், விழாக் கமிட்டி கொஞ்சம், ரீல் கொஞ்சம் என்று பிடுங்கியாகிவிட்டது. பிடுங்கி முடித்த பிறகு, சின்னதா இருப்பதுதான் உங்கள் அழகு என்று அவர்களிடமே போய்ப் பாராட்டுவதற்குக் கலகம் என்று பெயர் வைக்காதீர்கள்.

குற்றாலக் குறவஞ்சியைத் திரிகூடராசப்பக் கவிராயர் எழுதினார். மேலகரத்துக்காரர். அதில் வசந்தவல்லியின் விரகம் இருக்கிறது, சிங்கனும் சிங்கியும் அடிக்கிற கூத்தும் இருக்கிறது. அரசவைக்கு ஏற்ற நடையும் மலைக்குறத்தியின் நாக்கும் ஒரே நூலில். அவர் சிங்கிக்குப் பத்து நிமிட ஸ்லாட் கொடுக்கவில்லை. மலையைச் சொல்ல வேண்டியவள் அவள்தான் என்று விட்டுவிட்டார். அவளும் நிதானமாகச் சொல்கிறாள். இந்த ஊரில் நின்று மூணு கார்டு பேசுகிறவன் அதை ஒருமுறை படித்துவிட்டுப் பேசலாம்.

இதில் பாதியைப் போன வாரம் கூட்டாளியிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அந்த எதிர் ரூம்காரன் நம்பர் உன்கிட்ட இருக்கா?" என்று கேட்டான். இருந்தது. பத்து வருடமாக இருக்கிறது, ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. அன்று ராத்திரி கூப்பிட்டேன். சென்னையில் டெஸ்டிங்கில் இருக்கிறான், இரண்டு பிள்ளைகள். சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில் அந்தப் பக்கெட்டை ஞாபகப்படுத்தினேன். சிரித்தான். நாங்கள் அன்று வாயை மூடிக்கொண்டு இருந்ததற்கு மன்னிப்பும் கேட்டேன். அதற்குச் சிரிக்கவில்லை. "விடுல" என்றான்.

அடுத்த கொடைக்கு அப்பாவின் செட்டைக் கேட்க வரலாமா என்று கேட்டேன்.

"வா. ஆனா பாதில எந்திரிச்சுப் போகக்கூடாது."

"எத்தன மணிக்கு முடியும்?"

"விடியும்போது."

கூட்டாளியும் வருகிறான். அந்த ரமோன்ஸ் டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டே வரச் சொல்லியிருக்கிறேன்.